காய்ச்சலில் உளறியவள்

அஞ்சலையின் தகப்பனைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். அந்தப் பழியை அஞ்சலையின் தலையிலேயே சுமத்தியவளும் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அஞ்சலைக்கும் பத்து வயதுதானே!

செடெனாக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அதனால் தோட்டத்து ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். என் அப்பாவும் ஓடினார். அஞ்சலையின் அப்பாவும் ஓடினார்.

ஆண்கள் அகப்படவில்லை. சிப்பாய்கள் பிள்ளைகளைப் பிடித்தார்கள்.

"அப்பன்காரன் வந்தாதான் புள்ளைங்கள விடுவாங்களாம்" என்று கங்காணி வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். என் அம்மா லாரியின் பின்னால் ஓடிவந்து, மண்ணில் விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் எங்களை அடைத்தார்கள். சன்னல் கிடையாது. சுவரெல்லாம் கரி. காலையில் தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்டதும் நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வோம். ஏன் தெரியுமா உங்களுக்கு? தினமும் ஒருவரை அழைத்துப் போவார்கள். திரும்பி வரும் பிள்ளையின் விரல்கள் வீங்கியிருக்கும். அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கையில் பிடிக்கக்கூட முடியாது. நாங்கள்தான் ஊட்டிவிடுவோம்.

நாளைக்கு யார்? நானா? அந்த ஒரு நினைப்பைத் தவிர என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை. நான் நடுங்குவதைப் பார்த்து அஞ்சலைதான் என் காதோடு சொன்னாள்:

"பயப்படாத பாக்கியம். எங்கப்பா கிட்டத்துலதான் இருக்காரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய கரிச் சூளை இருக்குல்ல, அதுக்குள்ள. நம்மள வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவாரு, பாரேன்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்... எனக்காக!

மறுநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பல் கிட்டியது, கண் செருகியது. ஏதேதோ முனகினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்த என்னைத்தான் அன்று அழைத்தார்கள்.

ஒரு மேசை. அதன் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர், நம்மவர்தான். மேசைமேல் சில பென்சில்கள். அவற்றை விரல்களுக்கு இடையில் செருகி நெரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஒங்கப்பா எங்கம்மா? சொல்லிரு பாப்பா. சொல்லிட்டா வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் அந்தத் தமிழர். அவர் குரலும் நடுங்கியது.

என் அப்பா இருக்கும் இடம் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் வேறோர் அப்பாவின் இடம்.

அதிகாரி ஒரு பென்சிலைக் கையில் எடுத்தான். என் விரலைத் தொடக்கூட இல்லை. எடுத்தான், அவ்வளவுதான்! நான் சொல்லிவிட்டேன். ஆறு, சூளை, அஞ்சலையின் அப்பாவின் பெயர்... கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் விரல் வீங்கி வந்தார்கள். நான் முழு விரல்களோடு வந்தேன். அதை ஒருவரும் கவனிக்காதபடி கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் இருவரையும் வெளியே விட்டார்கள். அஞ்சலையின் அப்பா கைகள் கட்டப்பட்டு லாரியில் நின்றார். "அழுவாத தாயி, அப்பா வந்துருவேன்" என்றார். வரவில்லை. சயாமிலிருந்து அவர் வரவே இல்லை. என் அப்பாவோ, சண்டை முடிந்ததும் சாஆ என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தார்.

லயத்துக்கு நடந்து வரும் வழியில் அஞ்சலை என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை இன்னும் கொதித்தது.

"பாக்கியம்... காய்ச்சல்ல நான் எதாச்சும் ஒளறிட்டேனாடி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்! ஆனால் 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி என்னை நோக்கி வரும் அல்லவா?

"ஆமா" என்றேன். "காவக்காரன் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான்."

அவள் அழவில்லை. தன் வாயைத் தானே அறைந்தாள். மறுபடி மறுபடி. நான் தடுக்கவில்லை...

அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். புருஷனைக்கூட உள்ளே விடமாட்டாள். ஊர் அதை ஏதோ கிறுக்கு என்றது. எனக்குத் தெரியும் அது என்னவென்று.

இப்போது அவள் வயிற்றில் கட்டி. அறுத்து எடுத்தால் பிழைப்பாள் என்கிறார் டாக்டர். அவள் சம்மதிக்கவில்லை. "பெரியம்மா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. வாங்க லா" என்று மகள் கலா போனில் அழுதாள். போன வாரம் உலு திராமில் இருக்கும் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன்.

"மயக்க ஊசி போடுவாங்களாம் பாக்கியம்" என்றாள் அஞ்சலை. "புத்தி இல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒருக்கா தொறந்தது போதும்." பிறகு என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். "எங்கம்மா சாகுற வரைக்கும் நான் ஒளறினத நீ யாருகிட்டயும் சொல்லல. ஒன்ன மாதிரி எவடி இருப்பா?"

அவள் மார்பிலிருந்து என் கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சிப்பாய்கள் செத்து மண்ணாகியிருப்பார்கள். பின்னே எதற்குப் பயம்? அவள் முகம் மாறுமே, அந்த ஒரு கணத்துக்கு! பென்சிலைவிட அது கொடியது. "ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நேற்றும் கலா கூப்பிட்டாள். கட்டி பெரிதாகிக்கொண்டே போகிறதாம். உலு திராம் இங்கிருந்து அரைமணி நேரப் பயணம்தான். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.