ஆயுசுக்கும் இலவச அப்டேட்

நான் காஞ்சிபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், போனுக்குள் சாஃப்ட்வேர் ஏற்றும் பாக்ஸை இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டு விற்றன. ஒன்று விலை குறைவு, ஆனால் வருடாவருடம் அப்டேட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். இன்னொன்று இரண்டு மடங்கு விலை, அப்டேட் ஆயுசுக்கும் இலவசம். இலவசம் என்றதும் புத்தி மழுங்கி அதை வாங்கினேன். எதிர்க்கடைக்காரன் மற்றதை வாங்கினான். "வருஷா வருஷம் தெண்டம் கட்டிக்கினு இருக்கான் பாரு, மடையன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

மறுவருடமே என் கம்பெனி அப்டேட் விடுவதை நிறுத்திவிட்டது. விடாத அப்டேட்டுக்கு யார் காசு கேட்பார்கள்?

அந்தச் சமயத்தில் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் பட்டர் ஒருவர், ஆன் ஆகும்போதே பாதியில் நின்றுபோன புது மாடல் போனோடு வந்தார். சாயங்காலம் வெளியூர் போகிறாராம், அதற்குள் வேண்டுமாம். "எங்கிட்ட ஆகாத வேலையா சாமி?" என்றேன். என் பாக்ஸில் அந்த மாடலே கிடையாது. திமிரில் பழைய மாடலின் ஃபைலை ஏற்றினேன். போன் ஒரேயடியாகச் செத்தது.

வேறு வழியில்லாமல் எதிர்க்கடைக்குப் போய், "என் போன்தான், கொஞ்சம் பாருப்பா" என்றேன். அவன் பத்தே நிமிடத்தில் உயிர் கொடுத்தான். உடனே போன் அடித்தது. அவனே எடுத்தான்.

"ஏன்னா, கிளம்பிட்டேளா?" என்றது ஒரு பெண் குரல்.

அவன் போனை என்னிடம் நீட்டி, "உன் வூட்லதான் கூப்புடறாங்க போல. இப்ப சொல்லுப்பா, எந்த பாக்ஸ் ஒசத்தி?" என்றான்.

வெட்கமே இல்லாமல், "என்னுதுதான். உன்னுதுக்கு வருஷா வருஷம் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனோடு ஓடிவந்தேன்.