கைகாட்டி ம் கொட்டிய கதை

எங்கள் வகுப்பில் அவளுக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தவள் நான்தான். கவுன்சலிங் மேல்படிப்பின் முதல் வாரத்தில், ஒருவர் மனக்கஷ்டத்தைச் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும் என்று எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். நான் அவள் எதிரே உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததோடு சரி. அவரை எந்த நேரத்தில் பிடிக்க வேண்டும், எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டும், மாமியாரை எப்படி என் பக்கம் இழுக்க வேண்டும் என்று மளமளவென்று வழி சொல்லி முடித்துவிட்டாள். நான் அழத் தயாராக வந்திருந்தேன். அழ இடமே கொடுக்கவில்லை. அன்றைக்கு வந்த எரிச்சலில் வைத்த பெயர் அது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வழியோரத்துக் கைகாட்டி மரம் கையை நீட்டிக்கொண்டுதானே நிற்கும்?

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பட்டம் வாங்கிய கையோடு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் சேர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து வருடம் ஓட்டியவள். அங்கே புகார் வந்தால் தீர்வு சொல்லி அதை ‘மூட’ வேண்டும். மூடாத புகார் மேலதிகாரியின் திரையில் சிவப்பாக எரியும். வீட்டிலோ மூத்த பெண். தங்கைகளின் பள்ளிக்கூடம், கல்யாணம், பிரசவம் எல்லாம் அவள் வாயைக் கேட்டுத்தான் நடந்திருக்கிறது. ஒருநாள் ஒரு பெரியவர் அழைத்து, போனில் கோளாறு ஒன்றுமில்லை, யாராவது எடுத்துப் பேசுவார்களா என்று பார்த்தேன் என்றாராம். அந்த அழைப்பையும் மூடத்தான் சொன்னார்கள். பேசுவதற்கென்றே ஒரு வேலை இருந்தால் அதைச் செய்யலாமே என்று அவளுக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். ஒரு வருடம் விடுப்புக் கேட்டாள். வருடக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குமேல் முடியாது என்றார்கள்.

வந்து பார்த்தால், நாங்கள் பயிற்சி எடுக்கும் அறையின் கதவில் ‘ஆலோசனை அறை’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது; உள்ளே போனால் முதல் விதி, யாருக்கும் ஆலோசனை சொல்லாதே என்பது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? வருகிறவர்கள் கதவைப் படித்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த அறைக்கு வருகிறவர்களின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து, வாராவாரம் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் கேட்பார். தப்பு வரும் இடத்தில் பதிவை நிறுத்தி, தொண்டையைச் செருமுவார். செருமல் சார் என்றுதான் எங்களுக்குள் அவருக்குப் பெயர். செருமலே இல்லாமல் ஒரு பதிவு ஓடி முடிந்தால் தேர்ச்சி. மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் வருடம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். கைகாட்டிக்கு மறுபடி என்ற பேச்சே கிடையாது. இந்த ஒரு வருடத்துக்கே வீட்டில் தலைகீழாக நின்று சம்மதம் வாங்கியவள். தோற்றால் பழைய ஹெட்போன்தான்.

அவளிடம் பேச வந்தவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். தாய் தகப்பன் இல்லாதவளை வளர்த்து ஆளாக்கியது அவளுடைய அக்கா. தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளாத அந்த அக்கா, தங்கைக்குக் கல்யாணமான பிறகும் அவள் வீட்டிலேயே இருக்கிறாள். பிள்ளைக்கு எந்தச் சட்டை, புருஷனுக்கு எவ்வளவு உப்பு, எல்லாம் அக்கா சொன்னபடி. என் வீட்டில் நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன் என்று அந்தப் பெண் பதிவில் அழுதாள். எங்கள் கைகாட்டி எப்படிப்பட்டவள்? ஊருக்கே அக்கா. முதல் பதிவில், சமையலறையை இருவரும் முறைபோட்டுக்கொள்ளுங்கள் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டாள். சார் செருமிச் செருமி அவருக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இரண்டாம் பதிவில் பாதி வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாங்கவில்லை. “அக்கா உங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க? கொஞ்சம் பொறுத்துப் போங்களேன்” என்ற அவள் குரல் அறையில் ஒலித்தது. சார் பதிவை நிறுத்தினார். செருமல்.

“நீங்க அவங்களுக்கு அக்கா இல்லைம்மா. அக்கா ஒருத்தங்க அவங்க வீட்டுலயே இருக்காங்க. அது தாங்காமத்தான் இங்க வர்றாங்க.”

“அப்ப நான் என்னதான் சார் சொல்றது?”

“ம் சொல்லுங்க. அது போதும்.”

கைகாட்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து ம் சாதகம் ஆரம்பமானது. கண்ணாடி முன் நின்று ம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ம். லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்று மகன் சொன்னானாம். அவளுடைய அம்மா போனில் விசாரித்துவிட்டு, ம் கொட்டுவதற்கு ஒரு படிப்பா, உங்கப்பா படிக்காமலேயே இத்தனை வருஷமா அதைத்தானே செய்கிறார் என்றாளாம். எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கழிப்பறையில் முகம் கழுவப் போனவள் வெளியே வர நேரமாயிற்று, கண் சிவந்திருந்தது. எனக்கும் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வயதுக்குமேல் ஒரு மனுஷியை உட்கார வைத்து, உன் வாயே உனக்கு எதிரி என்று சொல்லிக்கொடுப்பது என்ன படிப்பு?

மூன்றாம் பதிவு அருமையாக வந்தது. மருந்துக்கடைப் பெண் கொட்டித் தீர்த்தாள். கைகாட்டி குறுக்கே ஒரு வழியும் சொல்லவில்லை. ம். ம்ம். ரொம்ப மூச்சு முட்டுது உங்களுக்கு. ம். கடைசிப் பக்கமாக அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தி, “பேசாம அக்கா முகத்துக்கு நேராவே சொல்லிடவா? நீ தனியா போய் இருந்துக்கோன்னு?” என்று கேட்டாள். கைகாட்டி, “ம்” என்றாள். பக்குவமான, கனிவான ம். எங்களுக்கெல்லாம் புல்லரித்தது. சார் தலையை ஆட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். செருமவில்லை. இதுதான் கேட்கிற விதம் என்று எங்களைப் பார்த்துச் சொல்லி, தேர்ச்சி என்று அறிவித்தார்.

நாங்கள் கைதட்டினோம். அவள் அன்றைக்கே புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டு, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அவள் குரலில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த வாரம் மருந்துக்கடைப் பெண் வந்தாள். பதிவுக் கருவியை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றாள். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள், பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டினாள், தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

“வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சுத்தான் கேட்டேன். நீங்க ம்னு சொல்லிட்டீங்க” என்றாளாம் அந்தப் பெண்.

நான் எதுவும் சொல்லவில்லையே என்று கைகாட்டிக்கு நெஞ்சுவரை வந்திருக்கிறது. வாயில் வந்தது மறுபடியும் ம்தான். அவ்வளவு பழகிப்போயிருந்தது.

பாடப்புத்தகம் எழுதியவர்கள் பாஷையில் அது வெறும் தொண்டைச் சத்தமோ என்னவோ. நமக்கு அது முழு வாக்கியம். கடைக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்டு, உள்ளேயிருந்து ம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். சம்பந்தம் பேசி முடித்துவிடலாமா என்று கேட்டு, வீட்டுப் பெரியவர் ம் என்றால் கல்யாணமே நடந்துவிடுகிறது. இது செருமல் சாருக்குத் தெரியாதா? வகுப்பில் கைதட்டிய எங்களில் ஒருத்திக்காவது தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வகுப்பில் கைகாட்டி யாரும் கேட்காமலே எழுந்து, தேர்ச்சி பெற்ற அதே பதிவைப் போட்டாள். ‘சொல்லிடவா’ வந்தது. ‘ம்’ வந்தது. நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னாள்.

“பொறுத்துப் போங்கன்னு நான் சொன்னப்ப அவங்க அக்கா வீட்டை விட்டுப் போகலை சார். அதுக்கு எனக்கு ஃபெயில் போட்டீங்க. இந்த இடத்துல நீங்க செருமவே இல்லை.”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவு அந்தப் பெண்ணுடையது, பயிற்சி எடுப்பவர் எதையும் திணிக்கவில்லை, தேர்ச்சியில் மாற்றமில்லை என்றார். தேர்ச்சியை யார் கேட்டார்கள்?

கைகாட்டி உட்காரவில்லை. “வர்ற வாரம் அவங்க திரும்ப வருவாங்க சார். அக்காவைத் தேடிப் போகவா, இல்லை அப்படியே விட்டுடவான்னு கேட்பாங்க. தேடிப் போங்கன்னு சொல்லணும்போல எனக்கு வாய் துடிக்குது. சொல்லட்டுமா?”

சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழக்க தோஷத்தில், பக்குவமாக, கனிவாக, “ம்” என்றார்.

“இதுக்கு சரின்னு அர்த்தமா சார், மேல பேசுன்னு அர்த்தமா?”

யாரும் சிரிக்கவில்லை. சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் பேச்சுக்குத் தானே அவர் செருமி நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.