தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை

மாம்புரிக் கடையில் தண்ணீர் கேட்டால் எனக்கு மட்டும் போத்தலில் தருகிறார்கள். முந்தாநாள் எனக்கு முன்னால் நின்ற மீனவர் மூலையிலிருந்த குடத்தில் மொண்டு குடித்துவிட்டுப் போனார். நானும் அந்தக் குடத்தைத்தான் காட்டினேன். "அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது சேர்" என்று சொல்லிக் கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்தார். மன்னாரில் பிறந்து, தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது இந்தக் கற்பிட்டிக் கரையில் அகதியாக இறங்கி, தில்லையடி முகாமில் ஏழு வருடம் உவர்த் தண்ணீர் குடித்த வயிறு இது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? போத்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கிலாந்தில், லெஸ்டரில், புதிதாகப் பார்க்கிற எவரும் "நீ எந்த நாடு?" என்று கேட்பார்கள். இங்கே ஒருவரும் கேட்பதில்லை. பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது போலும்.

சட்டப்படி கடைக்காரர் சரிதான். நான் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரன். இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பார்த்தேன். மன்னார்ப் பதிவில் வாப்பாவின் பெயர் ஒரு விதமாகவும் முகாம் அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்ததால் அந்த விண்ணப்பக் கோவை மேசையை விட்டு நகரவேயில்லை. அதனால் பல வருடங்களாக முப்பது நாள் விசாவில் வந்து போனேன். மாம்புரியில் வீடு கட்டலாம் என்றது என் மனைவி பரீதா. வெளிநாட்டவர் காணி வாங்க முடியாது என்பதால் தங்கை ஹம்சியாவின் பெயரில் வாங்கினோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளும் மச்சான் நளீமும் மகள் ஸஹ்லாவும் வந்து குடியிருந்தார்கள். மச்சான் பின்காணியில் வெங்காயமும் மிளகாயும் போட்டார். நாங்கள் வருகிற மாதத்தில் அவர்கள் கிணற்றடித் தகரக் கொட்டிலுக்கு மாறிவிடுவார்கள். "எங்களுக்கு அதுதான் காத்து நானா" என்பாள் ஹம்சியா. நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

பரீதா இரண்டு வருடத்துக்கு முன் மௌத்தாகிவிட்டாள். லெஸ்டரில் ஒரு மழைக் காலையில் அவளை அடக்கிவிட்டு வந்த பிறகு அந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. நீராவிக்குள் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து, இருட்டிப்போன வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அப்போதுதான் மாம்புரியில் எங்களுக்கு மூன்று வளவு தள்ளி வீடு வைத்திருக்கும் டேவிட் என்ற வெள்ளைக்காரரிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இங்கே வீடு வைத்திருக்கும் வெளிநாட்டவர்கள் இனிக் கூடுதல் காலம் தங்கலாமாம். "நமக்கு நல்ல காலம்" என்று எழுதியிருந்தார். நமக்கு என்ற சொல்லில் நானும் அடக்கம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அழுகை வருமளவுக்குச் சந்தோஷம்.

அடுத்த முறை வந்தபோது புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அந்த விசாவுக்கு, வீடு உங்கள் பெயரில் இருப்பதற்கு ஏதாவது பத்திரம் காட்ட வேண்டும் என்றார். வெளிநாட்டவருக்குக் காணியை எழுத முடியாது, ஆனால் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். ஹம்சியாவை அழைத்துப் போனேன். பெருநாளுக்கு உடுத்த அபாயாவில் வந்திருந்தாள். சட்டத்தரணி வாசித்துக் காட்டும்போது ஓரிடத்தில் தலையை நிமிர்த்தினாள்.

"தொண்ணூத்தொன்பது வருஷமா சேர்?"

"அது வழக்கம்தான். கூடினபட்சம் அவ்வளவு போடலாம்."

"அப்ப ஸஹ்லாட பிள்ளைகளும் இருக்க மாட்டாங்க" என்றாள்.

நான் சிரித்தேன். "சும்மா பேப்பருக்குத்தான் தங்கச்சி."

மூன்று இடத்தில் கையொப்பம் வைத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வருஷம் முழுக்க இருப்பீங்களா நானா?"

"ஓம். இனி நான் விருந்தாளி இல்ல."

"சந்தோஷம் நானா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் என்ற சொல்லைத்தான் லெஸ்டருக்குக் கொண்டுபோனேன். வேலையை விட்டேன். அங்கிருந்த வீட்டை, வேறாகக் குடியிருந்த மகனிடம் ஒப்படைத்தேன். பரீதாவின் உடுப்புகளைத் தர்மக் கடைக்குக் கொடுத்தேன். மூன்று மாதத்தில், ஒரு வருடத்துக்கான விசா முத்திரையோடு வந்து இறங்கினேன்.

வாசலில் நளீம் மச்சான் மட்டும் நின்றார். வீடு கழுவித் துடைத்திருந்தது. மேசையில் மூடிவைத்த சோறும் மீனாணமும். பின்காணியில் வெங்காயத்தை முற்ற முதலே பிடுங்கியிருந்தார்கள். மிளகாய்ச் செடிகள் இருந்த இடம் வெறும் மணல்.

"ஹம்சியா எங்க மச்சான்?"

"தில்லையடில ஒரு வீடு கிடைச்சது. ஸஹ்லாக்குப் பள்ளிக்கூடமும் கிட்ட" என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கும் உப்பளத்தில வேலை சரிவந்திருக்கு. கரைச்சல் இல்ல."

"நான் போகச் சொல்லல்லையே."

"சொல்லல்லதான்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உடுப்புகளை அடுக்க அலுமாரியைத் திறந்தபோது, கதவின் உட்பக்கத்தில் ஸஹ்லாவின் நேரசூசி ஒட்டியிருந்தது. திங்கள் கணிதம், செவ்வாய் விஞ்ஞானம். அதன் கீழே முந்திய வகுப்பின் நேரசூசி. அதற்கும் கீழே அதற்கு முந்தியது. சுவரில் ஒட்டினால் நாங்கள் வரும்போது கிழிக்க வேண்டியிருக்கும் என்று, மூடினால் தெரியாத இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறாள் பிள்ளை. நான் என் அறை என்று நினைத்துப் படுத்தது அவளுடைய அறையில். வருடத்தில் பதினொரு மாதம் அவள் படித்து உறங்கிய இடத்தில் ஒரு மாதம் நான் கால் நீட்டியிருக்கிறேன். கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். உச்சி வெயிலில் அதற்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை.

இரண்டாம் வாரம் டேவிட் கடற்கரையில் எதிர்ப்பட்டார். நல்ல மனிதர். "உங்கள் வேலையாட்கள் போய்விட்டார்களாமே? அந்த மாதிரி நம்பிக்கையானவர்கள் கிடைப்பது கஷ்டம்" என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஓம், கஷ்டம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என் தங்கை என்று சொல்லவில்லை. சொன்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டிவரும். வீட்டுக்கு வந்து வெகுநேரம் என்மீதே அருவருப்பாக இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை ஏற்றிய வள்ளத்தில் பன்னிரண்டு வயது ஹம்சியா என் மடியில்தான் இருந்தாள். சத்தி எடுத்து எடுத்துச் சோர்ந்துபோய், "எப்ப நானா வீட்ட போற?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று கரை தட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதமாக அவளைப் பார்க்கப் போக மனம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகுதான் தில்லையடிக்குப் போனேன். ஒரு வீட்டின் பக்கவாட்டில் இறக்கிய இரண்டு அறைகள். ஸஹ்லா கட்டிலில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். சலாம் சொன்னாள், எழும்பவில்லை. ஹம்சியா கதிரையை முந்தானையால் துடைத்துப் போட்டாள். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"திரும்பி வாங்க. வீட்டில எல்லாரும் இருக்கலாம். எனக்கு ஒரு அறை போதும்."

"எப்பிடி நானா? என்ர மனிசன் அவர்ர மச்சான்ட வீட்டில வருஷம் முழுக்கத் தலையக் குனிஞ்சிட்டு இருக்கிறதா? ஒரு மாசமெண்டா சமாளிக்கலாம்."

"உன்ர வீடுதானே அது."

"கையொப்பம் வைக்க முதல் அப்பிடித்தான் நினைச்சிட்டு இருந்தன்." குரல் உயரவில்லை. "மன்னாரில எங்களப் போகச் சொன்னவங்க கையொப்பம் கேக்கல்ல நானா. அதால அந்த வீடு இண்டைக்கும் எங்கட வீடு எண்டு சொல்லிக்கொள்றன். இத நானே எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கன்."

"அந்தக் குத்தகைய ரத்துச் செய்யலாம். நாளைக்கே போவம்."

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "செய்யலாம். பிறகு உங்கட விசா?"

எனக்குப் பதில் வந்திருக்க வேண்டும். விசா போனால் போகட்டும் என்ற மூன்று சொல். லெஸ்டரின் இருட்டிய வாசல் கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் சற்று நேரம் காத்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.

என்னைப் போல் ஊரில் வீடு கட்டிவைத்திருப்பவர்களே, நாம் இல்லாத காலத்தில் அந்த வீட்டில் யார் உறங்குகிறார்கள், நாம் வரும்போது அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "காத்துக்கு" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

தேத்தண்ணி வந்த நேரம் முன்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். அறைகளை வாடகைக்குக் கொடுத்தவள். "ஆரு ஹம்சியா, வந்திருக்கிற?"

ஹம்சியா கோப்பையை என் கையில் தந்தாள். "மாம்புரி வீட்டுக்காரர்" என்றாள்.

அதில் கோபம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் முன்பே அப்படித்தான் சொல்லியிருப்பாள் போலும். அவளும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். ஸஹ்லா தாயை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள். சூடு ஆறும்வரை வைத்திருந்து, கடைசி மிடறுவரை குடித்துவிட்டு எழும்பினேன்.

கற்பிட்டி பஸ் பாலாவி தாண்டி உப்பளங்களின் ஓரமாகப் போனது. வெள்ளை வெயிலில் ஆட்கள் குனிந்து உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நளீம் மச்சானாக இருக்கலாம். ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினேன். தலையில் துணி கட்டியிருந்ததால் எல்லோரும் ஒரேபோல இருந்தார்கள். யாரையென்று தெரியாமலேயே கையை உயர்த்திக் காட்டினேன். தூரத்தில் ஒருவர் நிமிர்ந்தார், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார், தன்னையில்லை என்று நினைத்தோ என்னவோ, மறுபடி குனிந்துகொண்டார்.