சிவப்பு விளக்கு ஓடிய ஆம்ப்ளிஃபயர்

எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு ஆம்ப்ளிஃபயர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்று எனக்கு அதில் ஆச்சரியமே இருக்கவில்லை. என் திறமை வீட்டாருக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வில்பட்டியில் இருந்தோம். அப்பா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆனால் கோயில் பாடகர் குழுவை நடத்துவதுதான் அவருக்கு உயிர். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒரே பாட்டை மேல்குரல், கீழ்க்குரல் என்று நாலு குரலாகப் பிரித்துப் பாடியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். பாட்டுகள் ஒரு கேசட்டில் இருந்தன. எங்கள் சின்ன டேப் ரெக்கார்டரில் போட்டால் நாலு குரலும் குழைந்த சோறு மாதிரி ஒன்றாக வந்தன. டேப்பும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாக நல்ல செட்டு இருந்தால்தான் ஒவ்வொரு குரலையும் பிரித்துக் கேட்டுப் பழக முடியும் என்று குழுவில் எல்லோரும் பணம் போட்டார்கள். கம்பெனி செட்டுக்கு அது எட்டாது. மதுரைக் கடைகளில் அவர்களே பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்து விற்கும் செட்டுக்கு எட்டும்.

மதுரைக்கு என்னையும் கூட்டிப்போவதாக அப்பா சொன்னதும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“பள்ளிக்கூடத்தக் கெடுத்துக்கிட்டு, கடையில புள்ளைக்கு என்ன சோலி?”

“மலை எறங்குனா எனக்குக் காது அடைச்சுக்குது. பாப்பாவுக்குக் காது கூர்மை. அது கேட்டுச் சொல்லட்டும்.”

காது அடைப்பது எங்கள் மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க எல்லோருக்கும் அடைக்கும். எச்சிலை விழுங்கினால், வத்தலக்குண்டு வருவதற்குள் பட்டென்று திறந்துவிடும். எனக்கும் திறந்தது. அப்பாவுக்கு மதுரை வரை திறக்கவில்லை.

கடையில் ஒரே விலைக்கு இரண்டு செட்டு இருந்தன. ஒன்று வெறும் கறுப்புப் பெட்டி, தகர டிரங்குப்பெட்டிக்குத் தம்பி மாதிரி. இன்னொன்றின் முகப்பில் வரிசையாகக் குட்டி விளக்குகள். பாட்டு ஏற ஏறப் பச்சை ஓடிச் சிவப்பைத் தொடும். பாட்டு இறங்கினால் விளக்கும் இறங்கும். அதைப் பார்த்த நொடியில் நான் வேறு எதற்கும் லாயக்கற்றவளாகிவிட்டேன்.

அப்பா கையோடு கொண்டுபோயிருந்த கேசட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“பாட்டு நிக்கிற எடத்துல உஸ்ஸுன்னு ஏதாவது வருதா பாரு பாப்பா. அது வந்தா மெல்லிசா பாடுறதெல்லாம் அமுங்கிப்போயிரும். நல்லா கேட்டுச் சொல்லு.”

கறுப்புப் பெட்டியில் ஒன்றும் வரவில்லை. விளக்குப் பெட்டியில் வந்தது. தெளிவாகவே வந்தது. கடைக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லப்பா. இதுதான் சுத்தமா இருக்கு” என்று விளக்குப் பெட்டியைக் காட்டினேன்.

“நெசமாவா?”

“நெசமா.”

அப்பா மறுபேச்சு இல்லாமல் அதையே கட்டச் சொன்னார். பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் தலையைத் தடவியபடி வந்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மலைப்பாதையில் குமட்டுகிறதென்று நினைத்து எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் முன்னறையில் செட்டை மாட்டினார். முதல் பாட்டு முடிந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள்.

“என்னங்க இது, பாட்டு நின்னும் எண்ணெ காயிற மாதிரி உஸ்ஸுன்னு இரையுது?”

மாட்டிக்கொண்டேன். அத்தனை பேர் கொடுத்த பணம். அப்பா ஸ்பீக்கர் பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சிரித்தார்.

“ஒண்ணும் இல்லையே. எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதிலும் விட்டுக்கொடுக்காதவள், அன்று அப்படியே அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். எனக்காக அப்பா அம்மாவிடமே பொய் சொல்கிறாரே என்று மனசு நிறைந்துபோயிற்று. அவ்வளவு பிரியத்தை அதற்கு முன்பு யார்மீதும் நான் உணர்ந்ததில்லை.

அந்தக் கிறிஸ்துமஸில் நாலு குரலும் ஒன்றோடொன்று சேரவில்லை. கோயிலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷம் அப்பா குழுவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். வயசாகிவிட்டது என்றார், அவருக்கு அப்போது நாற்பத்து நான்கு. என் செட்டுதான் அவரைத் தோற்கடித்தது என்று எனக்குள் பயம். எனக்காகச் சொன்ன ஒரு பொய்க்கு அப்பா இவ்வளவு விலை கொடுத்துவிட்டாரே என்று ஜெபத்தில் மட்டும் சொல்லி அழுவேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனோம். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயிருக்கும், ஆரம்பித்துப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா ஆச்சரியப்படவில்லை.

“அந்தச் செட்டு வந்த மறுநாளே எனக்குத் தெரியும்” என்றாள்.

அவருக்கு அன்று உண்மையிலேயே நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. தனக்குக் கேட்காததைக் கேட்டுச் சொல்லத்தான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். எங்கள் இருவரில் பொய் சொன்னவள் நான் மட்டும்தான்.