அஞ்சாங்கல்லும் ஐந்தாம் வகுப்பு நோட்டும்

1. பத்துத் தடவை

2008 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, தேன்மொழி என்ற ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் நோட்டை வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி தூக்கிக் காட்டித் திட்டினேன். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற வழியில் இருந்த எங்கள் பள்ளியில் என் வாய்க்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. பத்து வரி டிக்டேஷன் கொடுத்தால் அவள் நாலு வரியோடு நின்றுவிடுவாள். எழுத்து கோட்டுக்குக் கீழே தொங்கும். வாயால் கேட்டால் மட்டும் பாடத்தைக் கடகடவென்று சொல்வாள். அப்படியானால் சோம்பேறித்தனம்தான் என்று முடிவு கட்டி, அந்தப் பாடத்தைப் பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் அப்பா ஏழுமலை நோட்டோடு வந்து நின்றார். பிச்சாவரத்தில் டூரிஸ்ட்டுகளுக்குப் படகு வலிக்கிறவர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நானும் தயாராகிவிட்டேன். அவர் சண்டையே போடவில்லை.

"ஸ்கூல் வுட்டு வந்ததுலேருந்து எழுதுனா டீச்சர். சோறு பெசையக்கூட கை வரலன்னு அழுவுறா. நீங்க அடிங்க, திட்டுங்க, ஆனா எப்பிடியாச்சும் எழுத வச்சிடுங்க."

சிதம்பரத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு வைத்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதில் சீட் கிடைத்தால் தினமும் பஸ்ஸில் அனுப்புவதாகச் சொன்னார். கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி. அவள் அம்மா இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போவதால், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டதாம். நான் கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

அவர் போனபிறகு அந்த நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் எழுத்து கறுப்பாக, அழுத்தமாக இருந்தது. மூன்றாவது பக்கத்தில் வெளிறியது. ஆறாவது பக்கத்தில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே தெரிந்தது. அது சோம்பேறிப் பிள்ளையின் நோட்டு இல்லை. விரலில் தெம்பு இல்லாத பிள்ளை, முடியாமல் முடியாமல் ஆறு பக்கம் எழுதியிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

2. ஒப்புக்குச் சப்பாணி

எங்கள் பள்ளிப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சாங்கல் ஆடுவார்கள். ஒரு கல்லை மேலே போட்டுவிட்டு, அது கீழே வருவதற்குள் தரையில் கிடப்பதை விரல் நுனியால் அள்ளிக்கொண்டு, வருகிற கல்லையும் பிடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஸ்டெல்லா. அவளும் ஐந்தாம் வகுப்புதான். கறார் என்றால் அப்படி ஒரு கறார். தேன்மொழி அங்கே ஒப்புக்குச் சப்பாணி. அவள் கல்லைத் தவறவிட்டாலும் அவுட் கிடையாது, பிடித்தாலும் கணக்கில் வராது. சும்மா சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் கையெழுத்து வகுப்பிலேயே முதல். கூட ஆடுகிற மற்றவர்களுடைய நோட்டும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆடினால்தான் எழுத்து வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விரலுக்குத் தெம்பு ஏற்ற எனக்கு ஒரு வழி தெரிந்தது.

ஹெச்.எம். சாரிடம் கேட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில் மாட்டிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அனுமதித்தார். எழுத்துப் பாடவேளையில் முதல் பதினைந்து நிமிஷம் வகுப்பு முழுக்க விளையாட்டு. பல்லாங்குழிக்குப் பலகை இல்லாததால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொன்னேன். அப்புறம் பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவது. அப்புறம் அஞ்சாங்கல். அதற்குப் பிறகுதான் பென்சில். அதுவும் மூன்று விரலுக்கு மேல் பிடிக்க இடமில்லாத துண்டுப் பென்சில். தேன்மொழிக்கு மட்டும் டிக்டேஷன் பாதிதான், ஐந்தே வரி.

அக்டோபரில் ஒருநாள் ஏழுமலை திடீரென்று வந்தார். மகள் தரையில் உட்கார்ந்து கல் ஆடுவதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பரீச்சைக்கு அனுப்பலாம்னு பாத்தா, கல்லாட வுட்டிருக்கீங்களே டீச்சர்."

நான் திருப்பி ஒன்று கேட்டேன். "முத முதல்ல படகு வலிச்ச அன்னைக்கு எவ்ளோ தூரம் போனீங்க?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "எங்க போறது. கரைய சுத்திதான். கையெல்லாம் கொப்பளம்."

"அன்னைக்கே உங்களப் பத்து நடை அடிக்கச் சொல்லியிருந்தா?"

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு பக்கெட் நிறைய களிமண் கொண்டுவந்து வகுப்பு வாசலில் வைத்தார். பிசைந்தால் விரலுக்கு நல்லது, கல்லெல்லாம் பொறுக்கிவிட்டேன் என்றார். அவ்வளவு மண்ணிலும் ஒரு கல் இல்லை. அந்த மனுஷரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

3. அவுட்

பிப்ரவரியில் தேன்மொழி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "டீச்சர், ஸ்டெல்லா என்ன அவுட்டுன்னு சொல்லிட்டா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, பாவம் அந்தப் பிள்ளையிடம் போய் ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை.

"அவ இப்பல்லாம் நல்லா ஆடுறா டீச்சர். நாலு கல்லு சேத்து அள்றா. இன்னும் ஒப்புக்குச் சப்பாணின்னா எப்பிடி?"

அப்போதுதான் தேன்மொழியின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வாயெல்லாம் பல். புகார் சொல்ல வரவில்லை அவள். தான் அவுட் ஆனதைச் சொல்லிக்கொள்ள ஓடி வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் நோட்டை எடுத்தேன். ஐந்தாவது வரியும் முதல் வரி மாதிரியே கறுப்பாக இருந்தது. எத்தனை வாரமாக அப்படி இருந்ததோ தெரியவில்லை. அவள் தேறியதைப் பத்து வயது ஸ்டெல்லா கவனித்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்ட நான் இரக்கப்பட்டுக்கொண்டே இன்னும் பாதி டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் அவளை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்திருந்தது நான்தான். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் பத்து வரி என்றால் அவளுக்கும் பத்து வரி. முதல் வாரம் ஒன்பதாவது வரியில் கையை உதறினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். மார்ச்சில் முழுப் பக்கம் எழுதினாள்.

மே மாதம் அந்தத் தேர்வு. சிதம்பரத்தில் அந்தப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே ஏழுமலையும் நானும் நின்றிருந்தோம். எல்லாப் பிள்ளைகளும் வந்தபிறகு கடைசியாக அவள் வந்தாள். முழுசாக எழுதினாயா என்று கேட்டேன்.

"எழுதிட்டேன் டீச்சர். எடம் பத்தல. அடிஷனல் ஷீட் வாங்குனேன்."

ஏழுமலைக்குப் புரியவில்லை. அப்படியென்றால் என்ன என்று என்னைக் கேட்டார். கொடுத்த பேப்பர் போதாமல் கூட ஒரு பேப்பர் கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாள் என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்லிக்கொள்வதில் ஒன்றும் வெட்கமில்லை. சீட் கிடைத்தது. ஜூனிலிருந்து பஸ்ஸில் போனாள்.

2012-இல் ரிட்டயர் ஆகும்வரை எந்தப் பிள்ளைக்கும் பத்துத் தடவை எழுதும் தண்டனை நான் கொடுக்கவில்லை. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. கை தேறாத பிள்ளைக்கு எழுத்தைக் குறைத்து விளையாட்டைக் கூட்டுங்கள். தேறிவிட்டதென்றால் சலுகையை உடனே நிறுத்துங்கள். எப்போது நிறுத்துவது என்று தெரியாவிட்டால், கூட விளையாடுகிற பிள்ளைகளைக் கேளுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கே ஒரு நன்றி சொல்லியிருக்க வேண்டும். திட்டத்தான் கூப்பிட்டேன்.