பிச்சையம்மாள் கேட்ட சத்தியம்

முருகம்மாளைக் குளிப்பாட்டியவள் பிச்சையம்மாள்தான். ஐந்து வயதுப் பிள்ளை. காய்ச்சலில் போய்விட்டாள் என்று சித்தப்பன் தங்கமுத்து வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே பிச்சையம்மாள் பிள்ளையைப் புரட்டி முதுகில் தண்ணீர் ஊற்றினாள். கை நின்றது. தோளுக்குக் கீழே கரண்டிக் காம்பின் அகலத்தில் சூடு. பழைய சூட்டின் மேல் புதுச் சூடு. விலாவைத் தொட்டாள், எலும்பு உள்வாங்கியது.

சுவரோரம் பிள்ளையின் அக்காள் வடிவு நின்றாள். எட்டு வயது.

"யாருடி செஞ்சது?"

வடிவு வாசல் பக்கம் பார்த்தாள்.

பிள்ளைகள் இருவரையும் பெற்றவள் கருப்பம்மாள். அவளும் பிச்சையம்மாளும் மன்னவனூரில் ஒன்றாக வளர்ந்து, பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். போன மழைக்கு மண் சரிந்து கருப்பம்மாளும் அவள் புருஷனும் போனார்கள். பிள்ளைகளும் அவர்கள் தகப்பனின் பூண்டு வயலும் தங்கமுத்து கைக்கு வந்தன. வயலை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான்.

பிள்ளையை அடக்கம் செய்த பிறகு மந்தையில் ஊர் கூடியது. தங்கமுத்து காய்ச்சல் என்றான். பிச்சையம்மாள் சூடு என்றாள். பேச்சு ஏறிக்கொண்டே போனபோது அவள் கத்தினாள்.

"அப்ப ஆத்தா முன்னால சூடத்த அணைச்சுச் சொல்லட்டும்!"

அதுதான் அவள் செய்த தப்பு. சூடு வைத்த கையை எரிகிற சூடத்தின் மேல் வைக்க எவனுக்கும் குலை நடுங்கும் என்று நம்பினாள். தங்கமுத்துவுக்கு நடுங்கவில்லை. "நான் செய்யல" என்றான். உள்ளங்கையை அழுத்திச் சூடத்தை அணைத்தான். கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

சூடம் அணைந்தால் வழக்கு முடிந்தது. திரும்ப எடுத்தால் ஆத்தாளையே சந்தேகப்பட்டதாகும். அப்படி எடுக்கிற வீட்டுக்கு ஊரில் நெருப்பும் தண்ணீரும் கிடையாது. ஊர்க் கட்டு அது.

"கேட்டது நீதான் தாயி. கேட்டது கெடச்சிருச்சுல்ல, போய்ச் சோலியப் பாரு" என்றார் பெரியதனக்காரர் குழந்தைவேல்.

வீட்டில் புருஷன் செல்லப்பாண்டியும் அதையே சொன்னான். "சாமி முடிச்சுப் போட்ட சோலிய நீ எதுக்குப் புள்ள அவுக்குற?"

"சாமி போடல. நான் போட்டேன். நாந்தான் அவுக்கணும்."

தங்கமுத்துவுக்குக் குளிர்விட்டுப்போனது. தண்ணித்துறையில் எதிர்ப்பட்டால் சிரிப்பான். "என்ன மதினி, எனக்கு இன்னும் கண்ணு அவியலையே! ஆத்தா மறந்துட்டாளோ?"

"ஆத்தா மறப்பா. நான் மறக்க மாட்டேன்" என்பாள்.

சத்தியத்தை நம்பியது அவன் செய்த தப்பு. இனி யாரும் வாய் திறக்க முடியாது என்ற துணிச்சலில், மட்டக்குதிரைகளில் பூண்டு ஏற்றிக் கோடைக்கானலுக்குப் போகும் கூட்டத்தோடு வடிவையும் அனுப்பினான், குதிரை பிடிக்க. பிச்சையம்மாளும் தன் மூட்டையோடு அதே கூட்டத்தில் நடந்தாள். வழியெல்லாம் பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. கோடைக்கானலில் மற்றவர்கள் கிட்டங்கியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது வடிவின் கையைப் பிடித்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள்.

ஏட்டையா டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் முன்பே கையை ஆட்டினார்.

"ஏம்மா, இது வீட்டுக்கு வீடு நடக்குறதுதான. இதுக்கெல்லாம் கம்ப்ளைன்ட் எழுதுனா ஸ்டேஷன் தாங்குமா? அடிக்காத புள்ள உருப்படுமா?"

பிச்சையம்மாள் வடிவைத் திருப்பி நிறுத்திச் சட்டையைத் தூக்கினாள்.

"ஒங்க வீட்லயும் இப்படித்தான் வளக்குறீகளா அய்யா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய் சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தார்.

அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் வடிவின் முதுகைப் பார்த்துக் காயங்களைக் குறித்துக் கொடுத்தார். வடிவு அன்றுதான் பேசினாள். சித்தப்பன் கரண்டியை அடுப்பில் வைப்பதையும், தங்கச்சி கடைசியாக அழுத அழுகையையும் சொன்னாள். போலீஸ் பூண்டிக்கு வந்தது. குழந்தைவேல் சூடச் சத்தியத்தைச் சொல்லிப் பார்த்தார்.

"பெரியவரே, சூடத்த வெச்சு நாங்க கேஸ மூட முடியாது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தங்கமுத்துவுக்கு ஒரு வருஷம் விழுந்தது. வடிவின் காயங்களுக்கு மட்டும். முருகம்மாளுக்கு ஒன்றுமில்லை.

"அவ செத்ததுக்கு?" என்று கோர்ட்டு வாசலில் சப்-இன்ஸ்பெக்டரை மறித்துக் கேட்டாள் பிச்சையம்மாள்.

"மண்ணுக்குள்ள போயி மாசக் கணக்காச்சும்மா. தோண்டுனாலும் சூடு தெரியாது, ஒடஞ்ச எலும்பு ஆளு பேரச் சொல்லாது. ஒன் வாய்ச்சொல்லும் ஒரு கொழந்தையோட சொல்லும் கொலைக்குப் பத்தாது."

பத்தாது என்ற சொல்லை அவள் மலை ஏறும்வரை மென்றுகொண்டே வந்தாள்.

வடிவை மதுரையில் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"பெரியம்மா, அங்க அடுப்பு இருக்குமா?"

"இருக்கும். சோறு பொங்க மட்டுந்தான்."

ஊர் சொன்னபடி நெருப்பையும் தண்ணீரையும் நிறுத்தியது. "தீப்பெட்டி விக்கிற காலத்துல நெருப்புக் குடுக்க மாட்டாகளாம்!" என்று பிச்சையம்மாள் சிரித்தாள். செல்லப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்து ஓடையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் சுமந்தான். ஆனால் சுமந்தான்.

வடிவின் வயலை அவள் பெரியவளாகும்வரை விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழ, அதிகாரிகளிடம் அலைந்து உத்தரவு வாங்கினாள் பிச்சையம்மாள். அந்த வயல் தங்கமுத்து வீட்டு வாசலுக்கு எதிரே கிடந்தது. அதற்காகவே வாங்கினாள். தங்கமுத்து ஜெயிலிலிருந்து வந்து முதல்நாள் காலையில் கதவைத் திறந்தபோது, பூண்டுப் பாத்தியில் நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தாள்.

"முருகம்மா!"

வேறொன்றும் சொல்லவில்லை. குனிந்து களை எடுத்தாள். அவன் மறுபடி வெளியே வந்தான்.

"முருகம்மா!"

நாள்தோறும் அதுதான். மழையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். அவன் கல்லெடுத்து எறிந்தான், நெற்றி கிழிந்தது, துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள். குழந்தைவேல் சமாதானம் பேச வந்தார்.

"விட்டுரு தாயி. அவன் பைத்தியமாயிருவான்."

"ஆகட்டும். ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு ஊர்ல கட்டு இருக்கா மாமா?"

இல்லை. அடுத்த பூண்டு எடுப்புக்குள் தங்கமுத்து வீட்டை விற்றுவிட்டு மலை இறங்கிவிட்டான்.

"விட்டுது சனியன். இனியாச்சும் நிம்மதியா இரு" என்றான் செல்லப்பாண்டி.

"எங்க போனான்?"

"எங்க போனா ஒனக்கென்ன?"

பூண்டு கொண்டுபோகும் இடமெல்லாம் விசாரித்தாள். பெருமாள்மலை டீக்கடையில் ஒரு லாரிக்காரன் சொன்னான். வத்தலக்குண்டில் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறானாம். அங்கேயே ஒருத்தியைக் கட்டியிருக்கிறானாம். அவளோடு, அவளுடைய செத்துப்போன அக்காள் மகள் ஒன்று வளர்கிறதாம். சின்னப் பிள்ளை.

பிச்சையம்மாள் டீயைக் குடிக்காமல் எழுந்தாள். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறி, வத்தலக்குண்டு ஸ்டேஷனில் போய் நின்றாள். இந்தத் தடவை ஊரைக் கூட்டவில்லை. சாமியைக் கேட்கவில்லை.

அங்கிருந்த இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "இங்க வந்து அவன் இன்னும் ஒண்ணும் செய்யலையேம்மா."

"செய்யட்டும்னு காத்திருக்கச் சொல்றீகளா? ஒருத்தியப் பொணமாக் குளிப்பாட்டிட்டேன்."

கான்ஸ்டபிள் ஒருவரை அவளோடு அனுப்பினார். பகல் வேளை. கதவைத் திறந்த தங்கமுத்து, போலீஸ் தொப்பிக்குப் பின்னால் பிச்சையம்மாளைக் கண்டதும் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"புள்ளையக் கூட்டியா. முதுகப் பாக்கணும்" என்றாள் பிச்சையம்மாள்.

கூட்டி வந்தாள் அவன் பெண்டாட்டி. முதுகு சுத்தமாக இருந்தது. கான்ஸ்டபிள், அப்பாடா என்று திரும்பினார். "சரி, போலாம்மா. அப்பப்ப வந்து பாத்துக்கிடுதோம்."

பிச்சையம்மாள் நகரவில்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் வாசலுக்கு வந்திருந்தது. தங்கமுத்து கும்பிட்டான். "மதினி, வேண்டாம். ஒங்க கால்ல விழுறேன்."

"விழு" என்றாள்.

அவன் பெண்டாட்டியின் பக்கம் திரும்பி, தெருக்கோடிவரை கேட்கும் குரலில், முருகம்மாளைக் குளிப்பாட்டியதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.