முதல் மழையில் செத்த மீன்கள்

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் எங்கள் பஸ், சந்தாபுராவை நெருங்கும்போது பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் சக்கரத்தைக் கழற்றுகிறார். நாங்கள் பக்கத்து ஏரிக்கரையில் இறங்கி நிற்கிறோம். நேற்றுதான் இங்கே கோடைக்குப் பிறகு முதல் மழை. தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. கரையோரம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன.

ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றைக் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டுகிறாள். பெயர் முனியம்மா, ஏரி மீன் குத்தகை தன்னுடையது என்கிறாள்.

“மழை வந்தா ஏரிக்கு நல்லதுதானேம்மா?” என்று கேட்கிறேன்.

“நல்லதுதான் சார். ஃபேக்டரிக்காரங்க விட்டதெல்லாம் வெயில்காலம் பூரா சாக்கட மோரியிலயே தேங்கிக் கெடந்துச்சு. மழ மொத்தத்தயும் அடிச்சிக்கினு வந்து இதுல தள்ளிடுச்சு.”

ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டில் ஒரு மீன் வியாபாரி வருகிறான். ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்க்கிறான்.

“இன்னும் நாறலக்கா. ஐஸ்ல போட்டு பெங்களூர் அடுகோடி மார்க்கெட்டுல தள்ளிடலாம். பாதி வெலயாச்சும் வரும்.”

முனியம்மா கரையேறிக் கூடையைக் குவியலருகே வைக்கிறாள். பிறகு கரைமேலிருக்கும் குடிசைக்குள் போய், ரேஷன் மண்ணெண்ணெய்க் கேனை எடுத்து வந்து மீன்கள்மேல் ஊற்றுகிறாள்.

“பைத்தியமாக்கா உனக்கு?”

“சும்மா உட்டா நான் திரும்பறதுக்குள்ள அள்ளிக்கினு போயிடுவ. யார் வூட்டுக் கொழந்த தின்னுமோ!”

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மொபெட்டைக் கிளப்புகிறான். அவள் கேனைக் குலுக்கிப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கரையில் வைத்துவிட்டு, மிச்ச மீனை அள்ள மறுபடியும் தண்ணீரில் இறங்குகிறாள்.